ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்றால் உடனே கழற்றி வையுங்கள், கண்ட கடையில் கொடுத்துவிடாதீர்கள்

சுங்கை சிப்புட், ஈப்போ பக்கத்து மக்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறபடி நடக்கட்டும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

அப்பா ரப்பர் தோட்டத்து டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர். தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கே போனாலும் கேமரா கூடவே போகும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் தலை வாரிக்கொள்ளும் பிள்ளைகள், ரப்பர் பால் வாளியோடு நிற்கும் பாட்டிமார், மாரியம்மன் கோயில் தீமிதி, எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது லயங்களையும் இடித்துவிட்டார்கள். அந்தத் தோட்டம் இருந்ததற்கு எங்களிடம் இருந்த சாட்சி அந்தப் படங்கள்தான். நெகட்டிவ்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் போட்டோம். ஒரே பிரதி. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா தவறியபின் வந்த தீபாவளிக்கு, பழைய தோட்டத்து ஆட்கள் கூடும்போது காட்டலாம் என்று டிஸ்க்கை மாட்டினேன். ஒரு படம் திறக்க ஒரு நிமிடம் ஆனது. சில படங்களில் மேல்பாதி தெரிந்தது, கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். அப்புறம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நகத்தால் மேசையைத் தட்டுவது போல, விட்டு விட்டு, டிக், டிக்.

பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் 'டேட்டா ரெக்கவரி' என்று பேனர் தொங்கியது. பையன் மரியாதையாகத்தான் பேசினான். "கவலைப்படாதீங்க டீச்சர், சின்ன விஷயம், நாளைக்கு வாங்க" என்றான். 150 வெள்ளி (ரிங்கிட்) கேட்டான், கட்டினேன். மறுநாள் போனபோது கணினியில் விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற கருவி ஓடிக்கொண்டிருந்தது. "ராத்திரி முழுக்க ஓடுது டீச்சர், சரி பண்ணிக்கிட்டு இருக்கு" என்றான். சிஎச்கே என்று முடியும் கோப்புகள் வரிசையாக விழுந்திருந்ததைக் காட்டினான். எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, உள்ளே பாகம் மாற்ற வேண்டும், இன்னும் 350 வெள்ளி ஆகும் என்றான். அதையும் கைப்பேசியில் பணம் அனுப்பும் டுயிட்நவ் வழியாக அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்து, "முழுசா போச்சு டீச்சர், யாராலும் முடியாது" என்றான். ரசீது கேட்டதற்கு புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மேல்மூடியின் ஸ்டிக்கர் கத்தியால் கீறப்பட்டிருந்தது. நட்சத்திர வடிவ திருகுகளில் இரண்டின் முனை மழுங்கிப் போயிருந்தது. ஒன்றைக் காணவே இல்லை.

ரயில் ஏறி கோலாலம்பூர் போனேன். தூசி வடிகட்டிய அறை வைத்து இந்த வேலையை மட்டுமே செய்கிற ஓர் இடத்தில் கொடுத்தேன். உள்ளே திறந்து படம் எடுத்துக் காட்டினார்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. நடுவில் வளையமாக ஒரு கீறல். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்த பொறியாளர்தான் பொறுமையாக விளக்கினார்.

இந்த வகை டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். படிக்கும் ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்கு ஒரு தூசியே பாறை மாதிரி. அதனால்தான் சாதாரண அறையில் மூடியைத் திறக்கவே கூடாது. டிக் டிக் என்றால் பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மின்சாரம் கொடுக்கக் கொடுக்க சேதம் கூடிக்கொண்டே போகும். செக் டிஸ்க் கோப்பு அட்டவணையைச் சரிசெய்யும் கருவி, தரவை மீட்கும் கருவி அல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது ராத்திரி முழுக்க ஓட வைத்து, அதன்மேலேயே எழுதவும் செய்யும். முறையாகச் செய்பவர்கள் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பார்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். மீட்கும் வேலை எல்லாம் அந்த நகலில்தான். "முதல் நாளே வந்திருந்தால் நிறைய எடுத்திருக்கலாம்மா" என்றார் அவர். இப்போது ஒன்றும் வரவில்லை.

அதனால் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: முதலில் என்ன செய்வீர்கள்? நகல் எடுப்போம் என்று பதில் வராவிட்டால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மூடியைத் திறப்பீர்களா, எந்த அறையில் திறப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று எங்கள் மாமா கூடச் சொன்னார். வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

புகார் கொடுக்க வழி இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டாலும் என்னிடம் டுயிட்நவ் பதிவும் அவனுடைய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒன்று மட்டும் கிடைத்தது. அப்பாவின் கடைசி டிஜிட்டல் கேமராவில் ஒரு மெமரி கார்டு இருந்தது. யாரோ ஃபார்மட் செய்து வைத்திருந்தார்கள். இந்த முறை அவசரப்படவில்லை. கார்டின் பக்கவாட்டிலிருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி எதுவும் எழுத முடியாதபடி செய்தேன். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைத்ததை வேறொரு டிஸ்க்கில் சேமித்தேன். ஃபார்மட் செய்தாலும் மேலே புதிதாக எழுதாதவரை பல படங்கள் அப்படியே கிடக்கும். 312 படங்கள் வந்தன. ஃபோட்டோரெக் பழைய பெயர்களைத் தராது, பெரும்பாலும் ஓர் எழுத்தும் எண்களுமாகத்தான் வரும். இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோட்டத்துக் கிழவிகளின் வீடுகளுக்குப் போய் ஒவ்வொன்றாகக் காட்டி, யார் யார் என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டு வருகிறேன்.