செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போறீங்களா? முதல்ல நம்பர் பிளேட்டைப் பாருங்க. எனக்கு 27,400 ரூபாய் போச்சு

ஞாயித்துக்கிழமை ராத்திரி நடந்தது. இன்னைக்குப் புதன். இன்னும் ஆத்திரம் அடங்கல. 27,400 ரூபாய். எங்க வீட்டு ரெண்டு மாச வாடகைக்கும் மேல.

கோயம்புத்தூர்ல செல்ஃப் டிரைவ் கார் கொடுக்கிற கடை. பேரை நான் இங்க போடல. ஒரு சின்ன ரூம், வாசல்ல ஏழெட்டு கார், அவ்வளவுதான். அம்மா, மனைவி, ரெண்டு குழந்தைங்களோட வால்பாறைக்கு ரெண்டு நாள். நாள் வாடகை 2,000, அட்வான்ஸ் 5,000. அது போக என் பைக்கையும் ஒரிஜினல் ஆர்.சி.யையும் கடையில விட்டுட்டுப் போகணும்னாங்க. பல கடையில இதான் பழக்கம்ங்கிறதால நானும் யோசிக்காம சாவியைக் கொடுத்தேன்.

அப்புறம்தான், வண்டி அடிபட்டா செலவு யாருதுங்கிற டேமேஜ் பிளான் பேச்சு வந்தது. பிளான் வேண்டாம்னா முழுச் செலவும் நம்மது. ஒரு நாளைக்கு 299 கட்டினா 10,000 வரைக்கும் நாம கொடுக்கணும். 599 கட்டினா ஒண்ணுமே கொடுக்க வேண்டாம். "குடும்பத்தோட மலைக்குப் போறீங்க, 599 போட்டுக்கங்ண்ணா. வண்டியை எப்படிக் கொண்டாந்து விட்டாலும் சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம்"னு கடையில இருந்தவர் சொன்னார். என் மனைவி மட்டும் "இன்சூரன்ஸ் பேப்பரைக் காட்டுங்க"ன்னு கேட்டா. போன்ல ஏதோ ஒரு பி.டி.எஃப்.பைத் திறந்து, ரெண்டு விரலால பெருசாக்கி, "கரண்ட்ல இருக்குதுங்க பாருங்க்கா"ன்னு தேதியை மட்டும் காட்டினார். குழந்தைங்களுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். வண்டியைச் சுத்தி வந்து அவர் போன்லயே வீடியோ எடுத்தார். அந்த மனுஷனை நான் நம்பினேன். ரெண்டு நாளைக்கு 1,198 ரூபாய் கட்டினேன்.

ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. போறப்ப எந்தப் பிரச்சினையும் இல்ல. ஞாயித்துக்கிழமை இறங்கிட்டு இருந்தப்ப ஒரு வளைவுல கவர்மென்ட் பஸ் மேல ஏறி வந்தது. பஸ் திரும்ப முழு ரோடும் வேணும். நான் இடது பக்கம் ஒதுக்கினேன். பின் கதவு கைப்பிடிச்சுவர்ல உரசிடுச்சு, ஒரு முழ நீளத்துக்குக் கோடு. பம்பர் ஓரத்துல ஒரு விரிசல். யாருக்கும் ஒண்ணும் ஆகல. "599 கட்டியிருக்கோம்ல"ன்னு அம்மாவுக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.

கடைக்கு வந்ததும் ஆளே மாறிட்டார். டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்துட்டு, "இது பிளான்ல வராதுங்க"ன்னார். வேற வண்டி வந்து இடிச்சாதான் வருமாம், அதுக்கும் எஃப்.ஐ.ஆர். வேணுமாம். சுவர்ல உரசினது என் கவனக்குறைவாம். பம்பர் எந்தப் பிளான்லயும் சேராதாம். இதெல்லாம் எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன். அந்த நிமிஷம்தான் வாட்ஸ்அப்ல நாலு பக்கம் அனுப்பினார். சனிக்கிழமை காலையில ஏன் காட்டலன்னு கேட்டதுக்கு "நீங்க கேக்கலியே"ன்னார்.

ஒரு துண்டுச்சீட்டுல கணக்கு எழுதினார். கதவு டிங்கரிங், பெயின்ட் 11,000. பம்பர் 8,400. வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கிற நாலு நாள் வாடகை 8,000. மொத்தம் 27,400. "ஓனர்கிட்ட பேசுங்க"ன்னார். ஓனர் "மேனேஜர்கிட்ட பேசுங்க"ன்னு வெச்சுட்டார். மேனேஜர் போன் எடுக்கவே இல்ல. மணி பத்தரை, குழந்தைங்க கடை வாசல்ல தூங்கி விழுறாங்க, என் பைக் உள்ள பூட்டிக் கிடக்கு. அட்வான்ஸ் 5,000 போக மீதி 22,400 ஜிபே பண்ணினதுக்கு அப்புறம்தான் ஷட்டரைத் தூக்கினாங்க.

மறுநாள் மச்சான்கிட்ட சொன்னேன். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். முதல் கேள்வியே, "மாப்ள, நம்பர் பிளேட் என்ன கலரு?" வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்துன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார். வாடகைக்கு விடுற செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு. அதோட பாலிசியில வாடகைக்கு ஓட்டினா செல்லாதுன்னே போட்டிருக்கும். கிளெய்ம் போட்டா, வாடகைக்கு விட்டது தெரிஞ்சு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளிடும். அதான் கிளெய்ம் பக்கமே போகாம என் கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. அந்த 599 இன்சூரன்ஸே இல்ல, கடைக்காரர் வாய் வார்த்தை. அந்த வளைவுல சுவருக்குப் பதிலா ஒரு ஆள் நின்னிருந்தா? நஷ்டஈடு கேட்டு வந்தா கம்பெனி கைவிரிக்க வழி இருக்கு, நான் கோர்ட்டு வாசல்ல நின்னிருப்பேன்னு மச்சான் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

நேத்து, செவ்வாய்க்கிழமை காலையில, அந்த வழியா ஆபீஸ் போன நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். அதே கார், அதே நம்பர். கழுவித் துடைச்சு வாசல்ல நிக்குது, யாரோ டிக்கியில பெட்டி ஏத்துறாங்க. பம்பர்ல அதே விரிசல், மேல கறுப்பு டேப். நாலு நாள் நிக்கப் போற வண்டி! போட்டோவை அனுப்பிப் பில் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்ல. இப்ப என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

எடுக்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், கை நடுங்குது. வெள்ளை போர்டுன்னா திரும்பி வந்துடுங்க. அரசாங்கத்தோட எம்-பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டு வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும்னு நீங்களே பாருங்க. பம்பர், டயர், கண்ணாடி, அடிப்பாகம் பிளான்ல சேருமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. வீடியோ உங்க போன்லயும் எடுங்க, என்கிட்ட அது இல்ல. பைக்கையும் ஒரிஜினல் ஆர்.சி.யையும் விட்டுட்டுப் போகாதீங்க, 27,400ஐ நான் கொடுத்ததே அதுக்காகத்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. அதுல நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க கட்டணமே கிடையாது. துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, டேப் ஒட்டின பம்பர் போட்டோ மூணையும் பிரின்ட் எடுத்து வெச்சிருக்கேன்.