பறவை மோதாமலிருக்கச் சன்னல் கண்ணாடிக்குப் புள்ளி டேப்: வாங்கலாமா?

புறா மோதிய கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். விரித்த சிறகும் தலையும் பால்பொடியில் வரைந்ததுபோல அப்படியே பதிந்திருக்கும். இறகிலிருந்து உதிர்ந்த தூள் அது. அந்த அச்சுக்குப் பின்னால் எதிர்வீட்டு வேப்பமரமும் வானமும் பளிச்சென்று தெரியும். பறவை அந்த மரத்தை நம்பித்தான் வந்தது. அங்கே கண்ணாடி இருப்பதே அதற்குத் தெரியாது.

பிம்பம் விழுவது கண்ணாடியின் வெளிமுகத்தில். அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் வெளியே ஒட்டக்கூடியதா என்பதை முதலில் பாருங்கள். உள்ளே ஒட்டினால் பகல் வெளிச்சத்தில் பிம்பம் அதை மறைத்துவிடும்.

கடைகளில் அதிகம் தென்படுவது கறுப்புப் பருந்து ஸ்டிக்கர். வாங்க வேண்டாம். அசையாத உருவத்தைப் பார்த்துப் பறவை மிரளாது. அதை ஒரு தடையாக மட்டும் எண்ணி, ஓரடி தள்ளி வெறும் கண்ணாடியில் மோதும். பறவைகள் காணும் புற ஊதா ஒளியைக் காட்டும் ஸ்டிக்கர்கள் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வீட்டின் அழகும் கெடாது. ஆனால் எல்லாப் பறவைகளும் புற ஊதா ஒளியை ஒரே அளவில் காண்பதில்லை. வெயிலில் அதன் வீரியம் சில மாதங்களில் குறைந்தும் போகும். நம் ஊர் வெயிலுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

நம்பி வாங்கக்கூடியது புள்ளி டேப். கனடாவின் ஃபெதர் ஃப்ரெண்ட்லி இதில் பெயர்பெற்றது. நிறமில்லாத டேப்பில் சுமார் 6 மில்லிமீட்டர் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒட்டித் தேய்த்துவிட்டு டேப்பை உரித்தால் புள்ளிகள் மட்டும் கண்ணாடியில் நிற்கும். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் கட்டடத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்தை நெருங்கும் வலசைப் பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த ஆண்டு அங்கே புள்ளி போட்ட பிறகு சாவு மிகப் பெரிய அளவில் குறைந்தது.

பலன் தருவது இடைவெளிதான். மேலும் கீழும், இடமும் வலமும் 5 சென்டிமீட்டர். கைக்குள் அடங்கும் சிட்டுகூட அதற்குள் நுழைய முடியாதென்று திரும்பிவிடும். காசு மிச்சம் என்று 15 சென்டிமீட்டர் விட்டு ஒட்டினால் ஒட்டியதே வீண். ஓரங்களையும் விடக் கூடாது.

ஒட்டுவதில் நம் ஊரில் வரும் முதல் சிக்கல் போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை. அதன்மேல் ஒட்டிய புள்ளி டேப்போடு திரும்பி வந்துவிடும். வினிகர் தொட்டுக் கறையை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். சோப்பின் வழவழப்பு துளியும் இருக்கக் கூடாது. கண்ணாடி சுடும் நேரமும் மழை ஈரமும் ஆகாது. காலை நிழல் நல்லது. பழைய ஏடிஎம் கார்டால் ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தித் தேய்த்து, டேப்பைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல மடக்கி மெல்ல உரிக்க வேண்டும். நேராக வெளியே இழுத்தால் புள்ளியும் சேர்ந்து வரும். மாடிச் சன்னலின் வெளிப்பக்கத்தை எட்டிப் பிடித்து ஒட்டாதீர்கள். ஆள் வைத்துச் செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து விலை கையைக் கடிக்கும். ஒன்றிரண்டு சன்னல்தான் என்றால் வெள்ளை ஆயில் பெயிண்ட் மார்க்கரே போதும். நாலடிக்கு நாலடி கண்ணாடிக்கு அறுநூறு புள்ளிகள் வரை ஆகும். வேண்டாதபோது பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். ஒயிட்போர்டு மார்க்கர் முதல் மழைக்கே போய்விடும். பொறுமை இல்லாதவர்களுக்குக் கயிறு: 3 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மேல்சட்டத்தில் கட்டி, கீழ்முனையைச் சும்மா தொங்கவிடுங்கள். அதே சன்னலுக்கு 18 மீட்டர் இருந்தால் தாராளம். காற்றில் அது அசைவதும் நல்லதுதான்.

ஏற்கெனவே கண்ணாடிக்கு வெளியே கொசுவலை இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம். உள்பக்கக் கம்பியும் வலையும் இதற்கு உதவாது. வெயிலுக்காக ஒட்டும் பளபளப்பான சன் கன்ட்ரோல் ஃபிலிம் கண்ணாடியை முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆக்கிவிடும். அதை ஒட்டிய வீடுகளுக்குப் புள்ளி கட்டாயம். குண்டுகரிச்சானோ தேன்சிட்டோ நாள் முழுக்கக் கண்ணாடியைக் கொத்தினால் அது வேறு விஷயம். இனப்பெருக்கக் காலத்தில் தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. சில வாரங்களுக்கு வெளியே பழைய துணி கட்டினால் அடங்கிவிடும்.

குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் ஆறுமணிக்குருவி தமிழ்நாட்டு வீடுகளில் இப்படி அடிபடுவதுண்டு. ஆகவே அக்டோபருக்கு முன் வேலையை முடிப்பது நல்லது. அது வலசை வரும் மாதங்களில் இரவில் தேவையில்லாத விளக்கை அணைத்து, திரையையும் இழுத்துவிடுங்கள்.

மோதி விழுந்த பறவையைக் காகமும் பூனையும் விட்டுவைக்காது. உடனே மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட செருப்புப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அரைமணிக்கு ஒருமுறை பெட்டியை வெளியே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். தெளிந்தால் தானே பறக்கும். மேலே தூக்கி எறியக் கூடாது. இரண்டு மணி நேரமாகியும் பறக்காவிட்டாலும், முதலிலேயே சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ, பெட்டியோடு வனத்துறையிடமோ பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க அனுமதி இல்லை.