கும்பகோணம் பழைய வீட்டு பிளாட்: விலை பேசும் முன் உத்திரத்தைக் குத்திப் பாருங்கள்

கும்பகோணத்துப் பழைய மாடி வீடு ஒன்றை 6 பிளாட்டாகப் பிரித்து விற்கிறார்கள். திண்ணை, மரத்தூண், ரேழி எதையும் இடிக்கவில்லை. அந்த மட்டில் பாராட்டலாம்.

தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி கொட்டி இறுக்கிய தளம். கனத்தைத் தாங்கும், தேங்கும் ஈரத்தைத் தாங்காது. மாடியில் உள்ள 3 வீட்டில் 2 வீட்டுக் குளியலறை நேராக இந்தத் தளத்தின் மேல்தான். கமோடு குழாய்க்கு உடைத்த இடத்தில் கசிந்தால், தண்ணீர் உத்திரத்தோடு ஓடி, சுவருக்குள் செருகிய முனையில் போய் நிற்கும். மரம் உளுப்பது அங்கேதான். நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். சுவர் ஓரமாக ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. இங்கே ஓரிடத்தில் அரை அங்குலம் இறங்கியது. மூன்றாவது வீட்டுக்குக் கொல்லைப்புறம் தனித் தூண் எழுப்பிக் குளியலறை கட்டியிருக்கிறார்கள். வாங்குவதானால் அதை வாங்கலாம்.

கீழ்வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருப்பது சுத்தத் தப்பு. களிமண் பூமி, தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூக்கிறது. முழங்கால் உயரத்தில் பெயிண்ட் இப்போதே அப்பளமாக எழும்பி நிற்கிறது. பட்டி பார்த்து அடித்தால் அடுத்த ஐப்பசி மழை வரைதான். சிமெண்டை நாலடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, இடுக்குகளைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்துப் பூச வேண்டும். சுண்ணாம்பு 15 நாளாவது ஊறியிருக்க வேண்டும். நீறாத கட்டி உள்ளே போனால் பூச்சு பின்னால் பொரி பொரியாகத் தெறிக்கும்.

முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடியதில் ஓர் அடி இடைவெளி விட்டிருக்கலாம். வெக்கை கூடத்திலேயே நிற்கிறது. இந்தச் சுவர் கனத்துக்கு வைஃபையும் அறைக்கு அறை தனியாக வேண்டும்.

பத்திரத்தில் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது வீடு நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி, மொட்டைமாடியில் பதித்த தட்டை ஓடுகளின் இடுக்கை மழைக்கு முன் அடைக்கும் செலவு யார் தலையில் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மாடிக்காரர் மட்டும் பார்த்துக்கொள்வார் என்று கீழ்வீட்டுக்காரர் விட்டால், உளுப்பது இருவருக்கும் பொதுவான உத்திரம்.