கஷாயமா சிரப்பா, கோழிச்சோறா பாக்கெட் தீனியா?

வீட்டில் செய்ததெல்லாம் அமிர்தம் என்று ஒரு கட்சி. பாட்டி வைத்தியமெல்லாம் வீண் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: அளவு கொஞ்சம் முன்பின் ஆனால் என்ன ஆகும்? ரசத்தில் மிளகு கூடினால் தொண்டை கரிக்கும், அவ்வளவுதான். எல்லாப் பொருளும் அப்படி மன்னிப்பதில்லை. வீட்டில் பிள்ளையும் நாயும் இருப்பவர்களுக்காக, இந்தக் கணக்கை வைத்துச் சில ஜோடிகளைப் பார்க்கலாம்.

முதலில் இருமல். சாதாரண சளி இருமலுக்கு நான் அடுப்படியின் பக்கம். துளசி, கற்பூரவல்லி, சுக்கு, கொஞ்சம் மிளகு போட்ட கஷாயத்தில் ஒரு இலை கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிப் போகாது. தேனுக்கு ஆதாரமே இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இரவு இருமலுக்குத் தேன் கொடுத்த பிள்ளைகளின் இருமல்தான் பெற்றோர் கண்ணுக்கு அதிகம் குறைந்தது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது; பாட்டுலிசம் என்ற நச்சு நோயைக் கொண்டுவரும் கிருமியின் விதைகள் அதில் இருக்கக்கூடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுவதை, பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் நிறுத்தியாக வேண்டும்.

சிரப்பின் பலமே அளவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு அது. எல்லா சிரப்பும் நஞ்சு என்று இதற்கு அர்த்தமில்லை. தானாக ஆறும் இருமலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுப்பது தேவையில்லாத வேலை என்றுதான் அர்த்தம். மூச்சு வேகமாக வாங்கினாலோ விலா உள்ளே இழுத்தாலோ கஷாயமும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு வந்தால் என் கட்சி மாறிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு: இதுதான் வீட்டுக் கரைசல். இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைக்கு வரும்வரை இது உயிர் காக்கும். ஆனால் பொட்டாசியம் இதில் இல்லை; பதற்றத்தில் உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் குழுவினர் லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர்களும் கையால்தான் கலந்தார்கள், ஆனால் பக்கத்தில் தராசு இருந்தது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரிசிக் கஞ்சியை அதோடு சேர்த்துக் கொடுங்கள், அதற்குப் பதிலாக அல்ல. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பெயரை அவை போட்டுக்கொள்ளக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது.

நாய்ச் சாப்பாட்டில்தான் சண்டை அதிகம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பாக்கெட் தீனி வருவதற்கு முன்பே முயல் பிடித்தன என்பார்கள். உண்மைதான். அவை கிடைத்ததையெல்லாம் தின்று ஓடி வளர்ந்தவை. மாடி வீட்டு லேப்ரடாருக்கு நாம் வைக்கும் கோழிச்சோறு வேறு. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். வளரும் குட்டிக்கு மாதக்கணக்கில் இதையே வைத்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், கால் வளையும். கேழ்வரகுக் கூழ் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதிலுள்ள கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது. முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து மையாகப் பொடித்தால் ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் கிடைக்கும். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பதை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசியபோது, நூற்றுக்கு 95இல் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது.

இதற்காகப் பாக்கெட்டைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 2007இல் மெலமைன் கலந்த தீனியால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் செத்து, பல நிறுவனங்கள் சரக்கைத் திரும்பப் பெற்றன. பெரிய நாய் என்றால் மாதச் செலவும் கடிக்கும். என் கணக்கில் குட்டிக்கு முதல் ஒரு வருடம் பாக்கெட், அதிலும் குட்டிகளுக்கென்றே உள்ளது. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு மருத்துவர் சொன்ன சத்துப்பொடியோடு வீட்டுச் சோறு. மிச்ச பிரியாணியும் சாம்பார் சாதமும் வீட்டுச் சமையல் கணக்கில் சேராது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

பூனையா? பேச்சே இல்லை, பாக்கெட்தான். இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து போதாவிட்டால் பூனைக்கு இதயம் வீங்கும், பார்வை போகும். தயிர்சாதத்தில் அதைத் தேட முடியாது.

கடைசியாக உண்ணி. வேப்பெண்ணெய் தடவினால் கொஞ்சம் விலகும், ஆனால் நாய் நக்கித் துடைத்துவிடும். பெண் உண்ணியோ கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிய நாயைப் பார்த்தவர்கள் வேப்பெண்ணெயை மட்டும் நம்பமாட்டார்கள். மருத்துவர் எழுதும் மாத்திரை ரகத்தைப் பொறுத்து ஒரு மாதமோ மூன்று மாதமோ தாங்கும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், இந்த வகை மாத்திரைகளுக்கு அந்த எச்சரிக்கை உண்டு. மாத்திரை கொடுத்த கையோடு நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி, மூலை வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்.