நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

கலோரியில் இரண்டும் ஒன்றுதான்: எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. வேறுபாடு கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் காலையில் அது பாட்டிலுக்குள் உறைந்து நிற்பது அதனால்தான். ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது நல்ல கொழுப்பான எச்டிஎல்லை உயர்த்துகிறது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான், ஆனால் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லையும் சேர்த்தே உயர்த்துகிறது. அந்த மறுபாதியை மறைப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. நிறைவுற்ற கொழுப்பை மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அதில் பாதி தீர்ந்துவிடும்.

அதே அளவு நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 2 கிராம்தான். மீதி பெரும்பாலும் ஒலிக், லினோலிக் அமிலங்கள். இவற்றில் லினோலிக் அமிலத்தை நம் உடலால் தயாரிக்க முடியாது, உணவில்தான் பெற வேண்டும். இத்தகைய எண்ணெய்கள் பொதுவாக விரைவில் காறிப்போகும். எள்ளில் உள்ள செசமால் என்ற பொருள் அதைத் தடுப்பதால் நல்லெண்ணெய் தாக்குப்பிடிக்கிறது.

ஒமேகா-3 கொழுப்பு அமிலம் இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம்; அதற்கு மத்தி மீனோ ஆளிவிதையோ வேண்டும்.

அன்றாடத் தாளிப்புக்கும் இட்லிப் பொடிக்கும் நான் நல்லெண்ணெயையே எடுக்கிறேன். அவியலை இறக்கியதும் மேலே விடும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை மட்டும் மாற்ற மாட்டேன்.