ஆழமான பேஸ், தெளிவான காலடியோசை: பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம்

கணினி விளையாட்டுக்கும் பேஸ் (தாழ்ந்த ஒலி) மிகுந்த இசைக்கும் ஒரே ஹெட்ஃபோன் வேண்டும் என்று கேட்பவரிடம், கடைக்காரர் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது 'டீப் பேஸ்', '7.1 சரவுண்ட்' என்று பெட்டி முழுக்க அச்சிட்ட, வண்ண விளக்கு எரியும் ஒரு ஹெட்செட்டைத்தான். வாங்கிய முதல் வாரம் மகிழ்ச்சியாகவே கழியும். பிறகுதான், குண்டு வெடிக்கும்போது காது நிறைகிறதே தவிர எதிரி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது கேட்கவில்லை என்பதும், பாட்டில் டிரம்ஸ் அதிரும்போதெல்லாம் பாடகரின் குரல் பின்வாங்குகிறது என்பதும் தெரியவரும். அதன் பிறகு பலரும், பேஸ் வேண்டுமானால் தெளிவை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. பேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். அதைத் தெளிவாகக் காட்டும் ஹெட்ஃபோனாக, ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து நிறுவனமான பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோவை, அதிலும் 80 ஓம் (மின்தடையின் அளவு) வகையை, இங்கே மதிப்பிடுகிறேன்.

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 41 அதிர்வுகளில்) ஒலிக்கிறது; ஐந்து கம்பி கிட்டாரில் அது 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஹிப்ஹாப்பிலும் மின்னணு இசையிலும் நெஞ்சை அழுத்துவதுபோல் வரும் நீண்ட பேஸ் இந்தப் பகுதியைச் சேர்ந்தது. மலிவான ஹெட்செட்கள் பலவற்றால் இவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடியாது. அந்தக் குறையை மறைக்க அவை 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தூக்கிவிடுகின்றன. கேட்டவுடன் 'பேஸ் நிறைய இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் ஆண் குரலின் அடிப்பகுதியும் பெரும்பாலான வாத்தியங்களின் உடலும் அதே இடத்தில்தான் இருப்பதால், எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். மேலும், நம் காதின் இயல்பு ஒன்று உண்டு: உரத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை எளிதில் மூடிவிடும். ஆகவே இடைப்பட்ட பேஸைக் கூட்டிய ஹெட்செட்டில் காலடியோசை தொலைந்துபோவது விளையாடுபவரின் கவனக்குறைவினால் அல்ல.

டிடி 770 இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் உயர்ந்து, மிக ஆழம் வரை தளராமல் நிற்கிறது. 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியோ சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மூடிய கூடும், அதில் காற்று அளவாக வெளியேறும்படி அமைத்த துளையும், ஒலியை எழுப்பும் 45 மில்லிமீட்டர் டிரைவரும் சேர்ந்து இந்தத் தன்மையைத் தருகின்றன. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடத்தில் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். மற்ற ஹெட்செட்களில் வெறும் 'தும் தும்' என்று மட்டும் கேட்ட வரி, இங்கே ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்குவதும், விரல் கம்பியை விடும் கணமும் தனித்தனியாகத் தெரியும். வயலின் கூட்டம் மேலே வந்து சேர்ந்தபோதும் அந்த வரி மறையாது. இன்றைய பாடல்களில், காலால் அடிக்கும் கிக் டிரம்மும், சின்தசைசரில் எழும் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில், எது அடி, எது நீட்சி என்று பிரித்தறிய முடிகிறது. பேஸ் விரும்பிகள் சிலர் இன்னும் 'கனம்' வேண்டும் என்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த 200 ஹெர்ட்ஸ் வீக்கத்தைத்தான்.

விளையாட்டில் இதன் பயன் உடனே தெரிகிறது. சுடும் விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் நியூக் வரைபடம் ஓர் ஹெட்ஃபோனுக்குக் கடுமையான சோதனை: அங்கே குண்டு வைக்கும் இரண்டு தளங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால், ஓசை இடமா வலமா என்பதோடு மேலேயா கீழேயா என்பதையும் காது சொல்லியாக வேண்டும். கான்கிரீட் தரையில் ஓடும் காலுக்கும், இரும்புப் பாலத்தில் ஓடும் காலுக்கும், ஏணியில் ஏறும் காலுக்கும் உள்ள வேறுபாடு நடு அலைவரிசையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. டிடி 770-இல் ஒரு எறிகுண்டு பக்கத்தில் வெடித்து அதன் முழக்கம் அடங்கும் முன்பே, அதன் ஊடாக ஏணியின் உலோகச் சத்தம் கேட்கிறது. முழக்கம் குறைவாக இருப்பதால் அல்ல. அது கீழே, தன் இடத்தில் நின்றுகொள்வதால்.

சுற்றிலும் ஒலிபெருக்கிகள் இருப்பதுபோல் காட்டும் 7.1 சரவுண்ட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நமக்கு இருப்பவை இரண்டு காதுகள். ஓர் ஒலி ஒரு காதை அடைந்தபின் மற்றக் காதை அடைய எடுக்கும், மில்லி விநாடிக்கும் குறைவான கால வித்தியாசத்தையும், தலையும் காதுமடலும் ஒலியில் செய்யும் மாற்றத்தையும் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. இந்தக் கணக்கை கவுன்டர் ஸ்ட்ரைக்கும் அதைப்போன்ற வேலரண்டும் தாமே செய்து, இரண்டு சானல் ஒலியாகவே அனுப்புகின்றன. அதன்மேல் ஹெட்செட்டின் மென்பொருளும் தன் பங்குக்கு இன்னொரு சரவுண்ட் வேலையைச் செய்தால், திசை தெளிவதற்குப் பதிலாகக் கலங்கும். நல்ல ஸ்டீரியோ ஹெட்ஃபோன் ஒன்றும், விளையாட்டே தரும் திசை ஒலியும் போதும்.

டிடி 770-இன் உண்மையான குறை அதன் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலிப்பகுதி. எட்டாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி கூர்மையாக எழுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் சிறு பிழைகளைத் தேடிப் பிடிக்க உதவும் இந்தக் கூர்மை, இரவு முழுவதும் விளையாடும் காதுக்குச் சோர்வு தருகிறது. பாடகர்களின் 'ஸ' ஒலி சீறுகிறது, டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டு மினுங்குவதற்குப் பதிலாகக் கீறுகிறது. இதை மறைத்து எழுதப்படும் புகழுரைகளை நம்ப வேண்டாம். ஆனால் இதற்காகவே இந்த ஹெட்ஃபோனை ஒதுக்கவும் வேண்டாம். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும், ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளை நிறுவி, அந்த இடத்தில் நான்கைந்து டெசிபல் குறைத்தால் சீறல் அடங்கிவிடும். எந்த ஹெர்ட்ஸில் குறைப்பது என்பது காதுக்குக் காது சற்று மாறும். ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை மெதுவாக ஏறும் ஒரு சோதனை ஒலியைச் சன்னமாக வைத்துக் கேட்டு, எங்கே உறுத்துகிறதோ அங்கே குறைப்பதே சரியான முறை. பேஸை மேலும் கூட்ட விரும்புபவர்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டி, அதே அளவுக்கு மொத்த ஒலியை அதே மென்பொருளின் ப்ரீஆம்ப் அமைப்பில் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி உடையும்.

அணியும் சுகத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடானவை குறைவு. எடை ஏறத்தாழ 270 கிராம். காதைச் சுற்றி முழுவதும் உட்காரும் சாம்பல்நிற வெல்வெட் மெத்தை, ரெக்சின் போன்ற மெத்தைகளைப்போல் வியர்வையில் ஒட்டிக்கொள்வதில்லை. சென்னைக் கோடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கண்ணாடி அணிபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தடித்த கண்ணாடிச் சட்டத்தின் காம்பு மெத்தையைத் தூக்கினால் அந்த இடைவெளி வழியாக முதலில் வெளியேறுவது ஆழமான பேஸ்தான். கடையில் காதில் மாட்டி, மெத்தையைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் கணிசமாகக் கூடினால், உங்கள் தலைக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. நாட்பட்டு மெத்தை தட்டையாகும்போதும் ஒலி மாறும், அப்போது புதிய மெத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மற்றப் பாகங்களும் தனியே கிடைப்பதால் இது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் மூன்று மீட்டர் வயரைக் கழற்ற முடியாது என்பது இந்தக் காலத்தில் ஒரு பின்தங்கிய அமைப்பே. நாற்காலிச் சக்கரத்தின் அடியில் அது மாட்டாதபடி மேசையில் கொக்கி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மாடல் 32, 80, 250 ஓம் என மூன்று வகையாகக் கிடைக்கிறது. ஓம் அதிகமாக இருந்தால் ஒலி உயர்ந்தது என்று எண்ணி 250-ஐ வாங்கி, லேப்டாப்பில் செருகி, ஒலி போதவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. 80 ஓம் வகை நல்ல லேப்டாப்பிலும் சிறிய யூஎஸ்பி டாங்கிளிலும் (யூஎஸ்பியில் செருகும் சிறு ஒலிக்கருவி) போதிய உரத்துடன் ஒலிக்கும். ஒரு வோல்ட் தரும் சாதாரண டாங்கிளிலேயே 100 டெசிபலைத் தாண்டிவிடும், அதற்குமேல் யாருக்கும் தேவையில்லை. தேவையில்லை என்பதைவிட, கூடாது என்பதே சரி: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. குறைந்த ஒலியில் நம் காது பேஸைக் குறைவாகவே உணர்வதால்தான் பலரும் ஒலியைக் கூட்டுகிறார்கள். ஆழ்ந்த பேஸ் இயல்பிலேயே உயர்ந்துள்ள ஹெட்ஃபோனில் அந்தத் தேவை எழுவதில்லை.

புளூடூத் ஹெட்ஃபோன்களை விளையாட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்துவது வழக்கம். மைக்கை இயக்கினால் இசையின் தரமும் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். வயர் வேண்டாம் என்றால் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் டாங்கிளோடு வரும் ஹெட்செட்டையே பாருங்கள்.

மாற்றாக எதைப் பார்க்கலாம் என்றால், ஆடியோ டெக்னிகா ஏடிஹெச் எம்50எக்ஸ் மடக்கி எடுத்துச்செல்ல ஏற்றது, வயரும் கழலும், பேஸும் துடிப்பானது. ஆனால் காதுக் கூடு சிறியது, சீக்கிரம் சூடாகும். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் திறந்த அமைப்புடையது. திசை காட்டுவதில் டிடி 770-ஐ விஞ்சுகிறது, ஆனால் மிக ஆழமான பேஸில் அதன் பிடி தளர்கிறது, பக்கத்தில் தூங்குபவருக்கும் எல்லாம் கேட்கும். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 மைக்கோடு சேர்ந்து குறைந்த செலவில் முடிய வேண்டியவர்களுக்கு நேர்மையான தேர்வு. பேயர்டைனமிக்கின் ஒலியே வேண்டும், மைக்கும் அதிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, டிடி 770-இன் அடிப்படையில் உருவான எம்எம்எக்ஸ் 300 இருக்கிறது, விலை கூடுதல். மேசையில் தனி மைக் வைக்க இடமுள்ளவர்கள் அந்தக் கூடுதல் தொகையை ஒரு நல்ல யூஎஸ்பி மைக்கில் செலவிட்டால், எதிர்முனையில் கேட்கும் நண்பர்களுக்கு உங்கள் குரல் இன்னும் தெளிவாகப் போய்ச்சேரும்.