மிரட்டலும் துப்பாக்கித் தடையும்: கலிஃபோர்னியா சிகிச்சையாளர்களுக்கான ஓர் ஆன்லைன் வகுப்பு பற்றி

கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற குடும்பநல சிகிச்சையாளர்களும் மருத்துவச் சமூகப் பணியாளர்களும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, 36 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் சட்டமும் தொழில்நெறியும் சார்ந்ததாக இருக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்துக்காக இம்முறை நான் எடுத்துக்கொண்டது, ஆலோசனை அறையில் வெளிப்படும் வன்முறை மிரட்டலையும் அதைத் தொடர்ந்து வரும் துப்பாக்கித் தடையையும் மட்டுமே பேசும் ஓர் ஆன்லைன் வகுப்பு. நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பாடத்தைப் பல நிறுவனங்கள் தருகின்றன என்பதால், எந்த வகுப்பானாலும் அதில் எதைத் தேட வேண்டும் என்று சொல்வதே கூடுதல் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

முதல் பகுதி டாரசாஃப் வழக்கு. 1969-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர், டாட்டியானா டாரசாஃப் என்ற இளம்பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அவர் கொல்லப்பட்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1974-இல் எச்சரிக்கும் கடமை உண்டு என்றும், மீண்டும் விசாரித்து 1976-இல், எச்சரிப்பதோடு நிற்காமல் பாதுகாக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. இந்த வரலாற்றை வகுப்பு நிதானமாக, இறந்த பெண்ணை மறக்காமல் சொல்கிறது. நோயாளியின் தந்தை சொன்ன தகவல்கூட இக்கடமையை எழுப்பக்கூடும் என்ற 2004-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பையும் விட்டுவிடாமல் சேர்த்திருக்கிறார்கள். குடும்பமே கூட்டிக்கொண்டு வந்து, குடும்பமே பாதிக் கதையைச் சொல்லும் நம்மவர்களிடையே பணியாற்றுவோருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

வகுப்பின் உண்மையான பயன் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிவில் சட்டத் தொகுப்பின் 43.92-ஆவது பிரிவின்படி, அடையாளம் காணத்தக்க ஒருவர் மீது கடுமையான வன்முறை மிரட்டல் வந்தால், அவருக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுத்த சிகிச்சையாளர் மீது வழக்குப் பொறுப்பு வராது. பலர் இத்துடன் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். முடியவில்லை. வெல்ஃபேர் அண்ட் இன்ஸ்டிட்யூஷன்ஸ் சட்டத் தொகுப்பின் 8105-ஆவது பிரிவு தனியாக ஒரு கட்டளை இடுகிறது: அப்படி மிரட்டியவர் யார் என்பதை 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். காவல்துறை அதை அடுத்த 24 மணி நேரத்துக்குள் மாநில நீதித்துறைக்கு (நீதிமன்றம் அல்ல, Department of Justice என்ற அரசுத் துறை) மின்னணு வழியாக அனுப்ப வேண்டும். அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு அந்த நபர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. முன்னதன் நோக்கம் ஆபத்தில் இருப்பவரைக் காப்பது; பின்னதன் நோக்கம் ஆயுதத்தை அகற்றி வைப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்த அறிக்கை விடுபட்டுப்போகிறது என்பதைப் பயிற்றுநர் ஒரே மேசையில் இரண்டு தனித்தனிக் கோப்புகளை வைத்துக் காட்டுகிறார்.

அடுத்து வரும் மாதிரித் தொலைபேசி அழைப்புக்காகவே இந்த வகுப்புக்குக் கட்டணம் செலுத்தலாம். ஷெரிஃப் அலுவலகத்தில் அழைப்பை எடுப்பவர், “குற்றம் என்ன நடந்தது?” என்று கேட்கிறார். சிகிச்சையாளராக நடிப்பவர் தடுமாறுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், கதை முழுவதையும் சொல்லத் தொடங்குகிறார். பயிற்றுநர் அங்கே நிறுத்தி, மறுபடி செய்யச் சொல்கிறார்: “இன்னும் குற்றம் எதுவும் நடக்கவில்லை, இது 8105-ஆவது பிரிவின்படி நான் கொடுக்க வேண்டிய அறிக்கை.” பிறகு பெயர், பிறந்த தேதி, முகவரி. நோய் வரலாறு, திருமணச் சிக்கல், மருந்துப் பட்டியல் எதுவும் இல்லை. அழைப்பை எடுத்தவரின் பெயர், பதிவு எண், நேரம் ஆகியவற்றை உடனே குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறார். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதைவிட எதைச் சொல்லக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தந்த வகுப்பை நான் வேறு பார்த்ததில்லை.

குறைகளுக்கு வருகிறேன். இரண்டாம் பகுதியின் ஒரு ஸ்லைடில் தடைக்காலம் 6 மாதம் என்றே இருக்கிறது. அது பழைய விதி. 2014 ஜனவரி 1 முதல் 5 ஆண்டுகள். பயிற்றுநர் வாயால் சரியாகச் சொல்கிறார், ஆனால் வகுப்பு முடிந்தபின் எல்லோரும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது ஸ்லைடைத்தான். ஒரு மனிதரின் உரிமையை 5 ஆண்டுகள் கட்டிப்போடும் விதியில் இப்பிழையைச் சிறியதாகக் கருத என்னால் முடியவில்லை.

தற்கொலை பற்றிய மௌனம் அதைவிடப் பெரிய குறை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். தனக்கே தீங்கு செய்துகொள்வேன் என்று சொல்பவருக்கு இந்த மிரட்டல் விதி பொருந்தாது. மனநெருக்கடியில் இருப்பவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்க இடமளிக்கும் 5150-ஆவது பிரிவின் கீழ் அனுமதிக்கப்பட்டால் வேறொரு விதியின் வழியே 5 ஆண்டுத் தடை வருகிறது. நாள்தோறும் நாம் எதிர்கொள்வது பெரும்பாலும் இந்த வகைத் துயரைத்தான். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஆலோசனைக்கு வருபவரிடம் இதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதற்கும் இடமில்லை. முதல் சந்திப்பில் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில், இரகசியத்துக்கு விதிவிலக்குகள் உண்டு என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிவத்தை நகர்த்தி வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்வது வழக்கம்: கோபத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அதற்காக யாரையும் அழைக்க மாட்டேன், குறிப்பிட்ட ஒருவரைத் தாக்கப்போவதாக மெய்யாகவே சொன்னால் காவல்துறையை அழைத்தே ஆக வேண்டும், அதன் விளைவு 5 ஆண்டுத் துப்பாக்கித் தடை. நீதித்துறையிலிருந்து பதிவுத் தபாலில் அறிவிப்பு வரும் என்பதையும், தடையை நீக்கக் கோரித் தம் மாவட்ட சுப்பீரியர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம், அங்கே நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மீதுதான் என்பதையும் அவர் நம்மிடமிருந்தே அறிய வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகும் பேச வருபவரிடம்தான் சிகிச்சை நடக்க முடியும்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். நியூயார்க்கில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிக்கை மாவட்ட மனநல இயக்குநருக்குப் போகிறது. டெக்சஸில் 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் எச்சரிக்கும் கடமையையே ஏற்க மறுத்துவிட்டது. காணொளி வழியே சிகிச்சை அளிப்பவர்கள், எதிரில் இருப்பவர் அன்று எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்ற ஒரு குறிப்பு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்.

கலிஃபோர்னியா உரிமம் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்ந்தால் 6 மாத ஸ்லைடை அடித்துத் திருத்திவிட்டு, மாதிரி அழைப்பை உடன்பணியாற்றும் ஒருவரோடு சத்தமாகப் பேசிப் பாருங்கள். ஸ்லைடு பிழை பற்றி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். திருத்தினால் இங்கேயே தெரிவிக்கிறேன்.